கம்பிவடமும் இணையத்திரையும்: தமிழ்நாட்டில் காட்சிக் கட்டண வரலாறு

தொலைக்காட்சி தமிழ்நாட்டிற் கால்கொண்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அன்று தொட்டு இன்றுவரை ஒரு குடும்பம் தன் கூடத்தில் அமர்ந்து காட்சி காண்பதற்கு எவ்வளவு பொருள் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எம்முறையிற் கொடுத்தது என்பன வரலாற்று நோக்குடன் எண்ணத்தக்க வினாக்கள். இந்நாளில் இல்லந்தோறும் எழும் வினாவோ சுருக்கமானது: கேபிளை நிறுத்திவிட்டு ஓ.டி.டி. வைத்துக்கொண்டால் ஆதாயமா, நட்டமா? இச்சிறு வினாவுக்கு விடை காண முயலுங்கால் மேற்கூறிய பெருவினாக்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. அவற்றை விலக்கிவிட்டு விடை கூறுதல் இயலாது என்பதே நம் கருத்து.

தமிழாராய்ச்சி இதழில் கட்டணக் கணக்கிற்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். நூலின் விலை நூலின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதது என்பதை நாம் அறிவோம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் சந்தையிலும் திருவிழாவிலும் சிறு விலைக்குக் கிடைத்தமையாலேயே, எழுத்தறிந்தார் ஒருவர் படிக்க ஊரார் சூழ்ந்திருந்து கேட்கும் பொருளாயின. மர்ரே எஸ். ராஜம் அவர்கள் சந்தி பிரித்து வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் தோன்றாதிருப்பின் சங்க நூல்கள் எத்துணை மாணவர் கைக்கு எட்டியிருக்கும் என்பது எண்ணத்தக்கது. அச்சுக்கு ஒத்தது காட்சிக்கும் ஒக்கும். இன்று பல இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் பேச்சுத் தமிழும் செய்தித் தமிழும் திரைவழி வருவன. அத்தமிழ் எவ்விலைக்கு, எவர் கைவழியாக வந்து சேர்கின்றது என்பது மொழி வரலாற்றாசிரியர் புறக்கணிக்கத் தக்கதன்று.

சொற்களைப் பற்றி முதலில் ஒன்று கூறுதல் வேண்டும். கேபிள் என்பதனைக் கம்பிவடம் எனத் தமிழாக்கினர். வடம் என்பது தேர்வடத்திலும் முத்துவடத்திலும் நாம் கண்ட நல்ல சொல். ஆயினும் மக்கள் அதனை மேற்கொண்டிலர். அவர்களுக்கு அது கேபிள். மாதந்தோறும் வருபவர் கேபிள்காரர். கொடுப்பது கேபிள் காசு. ஓ.டி.டி. என்னும் எழுத்துக் குறுக்கம், வடத்தாரையும் வானலை வாங்கித் தருவாரையும் கேளாமல் அவர்தம் தலைக்குமேல் தாண்டி வருவது என்னும் கருத்துடையது. இக்கட்டுரையில் அதனை இணையத்திரை என்றும் வழங்குவோம். அது யாரையும் உண்மையில் தாண்டவில்லை என்பது பின்னர்ப் புலனாகும். இரண்டிற்கும் பொதுவாய் வழங்குவது சந்தா என்னும் வேற்றுமொழிச் சொல். இச்சொல் நம்மிடம் இதழ்களின் வழியாக நிலைபெற்றது. இதழுக்குச் சந்தா செலுத்தினவர் வீட்டில் ஆண்டிறுதியிற் பன்னிரண்டு படிகள் எஞ்சின. காட்சிக்குச் சந்தா செலுத்தியவர் வீட்டில் எஞ்சுவது யாதென்பதை இறுதியில் நோக்குவோம்.

வடம் வருவதற்கு முன்னிருந்த நிலையை விரைந்து காணலாம். அன்று செலவு பெரும்பாலும் ஒருமுறைச் செலவே. பெட்டி வாங்குதல், கூரைமேல் ஏந்தலை நிறுத்துதல், அலை மெலிந்த ஊராயின் பூஸ்டர் பொருத்துதல் என்பவற்றோடு அது முடிந்தது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்திற் செலுத்திய உரிமக் கட்டணம் 1980களின் இடைப்பகுதியில் ஒழிந்தது. அதன்பின் பார்ப்பவர் மாதந்தோறும் கொடுத்தது ஒன்றுமில்லை. அரசின் கருவூலமும் 1976 முதல் வந்த விளம்பரமும் அச்செலவைத் தாங்கின. இலங்கையில் 1982இல் ரூபவாகினி தொடங்கியபின், நம் தென்மாவட்டக் கடற்கரை ஊர்களில் ஏந்தல்கள் கிழக்கு நோக்கித் திரும்பின. பிறநாட்டரசு செலவிட்ட ஒளிபரப்பைக் காசின்றிக் கண்ட காலம் அது. மற்றொரு வழக்கமும் இருந்தது. வீடியோ டெக்கை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவார் காசு கூட்டி, விடியுமளவும் இரண்டு மூன்று படங்கள் பார்த்தனர். விரும்பியதை விரும்பிய பொழுதிற் பார்ப்பது இணையத்திரை தந்த புதுமை என்பார் இவ்வாடகை டெக்கை மறந்தவரே. அவ்விரவுகளில் விலை ஆளுக்கன்று, வீட்டுக்குமன்று, தெருவுக்கு.

வடம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. 1991இல் வளைகுடாப் போர்க் காட்சிகளும் அவ்வாண்டே வந்த ஸ்டார் அலைவரிசைகளும் வட்டில் ஏந்தலை நகரங்களிற் பரப்பின. தமிழுக்குத் திருப்பம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சன் டி.வி. தொடங்கியமை. அதன்பின் கேபிள் ஆங்கிலமறிந்தார் ஆடம்பரமாக இல்லாமல் தமிழ்க் குடும்பத்தின் தேவையாயிற்று. மாடியில் வட்டிலும், தெருமுனையில் ஓர் அறையும், மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டி இழுத்த வடமும் ஒரு தொழிலாயின. சட்டம் தொழிலுக்குப் பின்னே வந்தது. கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1995ஆம் ஆண்டினது. விலையை வகுத்தவர் அந்தந்தத் தெருக் கேபிள்காரர். ஒரே ஊரில் இரண்டு தெருக்களில் இரண்டு விலை இருந்தமை வியப்பன்று. எத்தனை இணைப்பு என்பதும் அவர் கூறியதே கணக்கு. அலைவரிசை நடத்துவோர்க்குச் சேரவேண்டிய பங்கு அக்கணக்கிலே மறைந்தது.

ஈண்டுக் கேபிள்காரர் என்னும் மனிதரைச் சற்று நின்று நோக்கவேண்டும். மாதத்தின் முதற்கிழமையில் சிறு நோட்டுடன் அவர் வாயிலில் நின்றார். "இந்த மாதம் கைப்பிடிப்பு, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என வீட்டார் கூறின், பெரும்பாலும் நோட்டில் ஒரு கோடிட்டுச் சென்றார். மழையில் வடம் அறுந்தால் அவரையே கூப்பிட்டனர். தேர்வுக் காலத்தில் ஒரு மாதம் நிறுத்திவையுங்கள் என்று பெற்றோர் அவரிடமே வேண்டினர். விலை எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நெகிழும் என்பதும் ஏழைக் குடும்பத்திற்கு விலையின் பகுதியே. பொருளியலார் இதனைக் கடன் என்று எழுதுவர். தெருவில் இதற்குப் பெயர் முகத்தாட்சணியம். இணையத்திரையின் சந்தா குறித்த நாளிற் செலுத்தப்படாவிடின் திரை இருளும். அங்கே வேண்டிக்கொள்வதற்கு முகம் இல்லை. இவ்வேறுபாடு எவ்விலைப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

தெருவிலையை அரசு ஒழுங்குபடுத்த முதன்முதல் முயன்றபோது சோதனைக்களமாய் அமைந்தது சென்னை. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் செட்டாப் பாக்ஸ் வழியாகக் கட்டண அலைவரிசைகளைத் தேர்ந்து பெறும் முறை இங்கு நடைமுறைக்கு வந்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் அது தள்ளிவைக்கப்பட்டது. கட்டணமில்லா அலைவரிசைகள் முப்பதுக்கு மாதம் ரூ.72 என்பதே அன்று வகுத்த உச்சவரம்பு. 2006இல் அது ரூ.77 ஆக உயர்ந்தது. கட்டண அலைவரிசை ஒன்றுக்கு ரூ.5 என வரம்பிட்டனர். வேண்டியதற்கு மட்டும் விலை கொடுக்கலாம் என்னும் கொள்கை இவ்வாறு சென்னையில் முதலில் முளைத்தது. ஆனால் பெட்டியின் விலையை யார் தாங்குவது என்பதற்கு அக்கொள்கையில் விடையில்லை. பெட்டி வாங்காதவர் கட்டணமில்லா அலைவரிசைகளோடு அமைந்தனர்.

அடுத்த நிகழ்ச்சியே தமிழ்நாட்டு வரலாற்றை ஏனைய மாநிலங்களின் வரலாற்றினின்று பிரித்துவைப்பது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு தேர்தல் வாக்குறுதியின்படி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாய் வழங்கத் தொடங்கிற்று. 2011க்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்கள் அவற்றைப் பெற்றன. பெட்டி இலவசம், ஆனால் அதனுள் வரும் காட்சிக்கு மாதக் காசு வேண்டும். இலவசப் பெட்டியே புதிய செலவொன்றைக் குடிசைக்குள் கொணர்ந்தது என அன்று சிலர் கூறியதில் உண்மை உண்டு. 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் பதிவுசெய்யப்பெற்றது. அது பிறந்ததற்குப் பொதுநலம் மட்டும் காரணமன்று; ஆளும் கட்சித் தலைமைக்கும் மாநிலத்தின் பெரிய கேபிள் நிறுவனத்தை நடத்திய உறவினர்க்கும் அவ்வாண்டு எழுந்த பிணக்கும் காரணம். பிணக்குத் தீர்ந்ததும் நிறுவனம் தளர்ந்தது. 2011இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஜெயலலிதா அரசு அதனை மீண்டும் தொடங்கி, மாதக் கட்டணம் ரூ.70 என அறிவித்தது. அதில் ரூ.20 நிறுவனத்திற்கு, எஞ்சிய ரூ.50 தெருக் கேபிள்காரருக்கு.

இவ்வெழுபது ரூபாயை இருவகையாக மதிப்பிடுவர். வலிமை மிக்க தனியார் ஒருவர் பிடியிலிருந்து வடத்தை மீட்டு, விலையை ஏழைக்கு எட்டச் செய்தது என்பர் ஒரு சாரார். அலைவரிசையை வீட்டுக்கு விடும் வாயிலே அரசின் கைக்குச் சென்றமையால் செய்தி அலைவரிசைகள் அரசின் முகம் நோக்கி நிற்க நேர்ந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மை என்றே நாம் கருதுகின்றோம். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் வரலாறாகாது. தொடக்கத்தில் கட்டண அலைவரிசைகள் பல இவ்விணைப்பில் இடம்பெறவில்லை என்பதும், பின்னரே அவை சேர்ந்தன என்பதும் கணக்கிற் கொள்ளத்தக்கவை. எனினும் ஆண்டுக்கு ரூ.840 என்னும் செலவில் ஒரு குடும்பம் முழுதும் தமிழ்க் காட்சிகளைக் கண்ட அந்நிலை, பின்வந்த ஒவ்வொரு விலையையும் அளக்கும் கோலாக மக்கள் நினைவில் நின்றுவிட்டது. இன்று இணையத்திரை விலை மிகுதி என ஒருவர் கூறுங்கால் அவர் மனத்துள் நிற்பது இவ்வெழுபதே. அரசு ஒரு தேர்தல் முடிவின் விளைவாய் வகுத்த விலையை இயற்கையான விலையெனக் கொண்டு ஒப்பிடுதல் பிழை.

மின்னணு முறைக்கு மாறுதல் பிற பெருநகரங்களில் 2012இல் நிகழ, சென்னையில் வழக்குகளாற் காலந்தாழ்ந்தது. அரசு நிறுவனம் 2017இல் செட்டாப் பாக்ஸ் இலவசமாய் வழங்கத் தொடங்கிற்று. இதற்கிடையில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச்சில் புதிய கட்டண ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. வழக்குகளைக் கடந்து அது 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2003இல் சென்னையில் முளைத்த கொள்கையே இங்கு மரமாயிற்று. வடத்திற்கு ஒரு வாடகை. அலைவரிசைக்குத் தனி விலை. நூறு அலைவரிசைகள் வரை வட வாடகை ரூ.130. சன் டி.வி. ரூ.19, கே டி.வி. ரூ.19, விஜய் டி.வி. ரூ.17 என அன்று விலை அறிவித்தனர். இம்மூன்றை மட்டும் தனித்தனியே எடுக்கும் வீட்டின் கணக்கு: 130 + 55 = 185; அதற்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி ரூ.33.30, ஆக மாதம் ரூ.218.30, ஆண்டுக்கு ரூ.2,619.60. கொத்தாக எடுத்தால் விலை குறையும். ஆனால் கொத்தில் வேண்டாதனவும் வரும். வேண்டியதற்கு மட்டும் விலை என்பது கொள்கை. வேண்டியதைத் தனியே எடுப்பார்க்கு விலை மிகுதி என்பது நடைமுறை. தேர்வு தந்து விலையைக் குறைப்போம் என்று வந்த சீர்திருத்தம், எழுபது ரூபாயிற் பழகிய வீட்டுக்கு மும்மடங்குச் செலவாய்த் தோன்றியதில் வியப்பில்லை. 2020இல் இரு நூறு அலைவரிசைகள் வரை அதே ரூ.130 எனத் தளர்த்தினர். 2024 சூலையில் வட வாடகைக்கு இருந்த உச்சவரம்பையே நீக்கினர்.

இப்பொழுது இணையத்திரைக்கு வருவோம். அதற்கு முன்னுரை எழுதியது ஒரு நடவாத நிகழ்ச்சி. 2013இல் கமல்ஹாசன் தம் விஸ்வரூபம் படத்தைத் திரையரங்குக்கு முன் டி.டி.எச். வழியே வீட்டுக்கு விடக் கருதினார். ஒரு காட்சிக்கு விலை ரூ.1,000. திரையரங்கு உரிமையாளர் எதிர்த்தமையால் அம்முயற்சி நின்றது. ஆயிரம் ரூபாயா என்று பலர் அன்று வியந்தனர். ஒரு வீட்டில் எண்மர் கூடிப் பார்த்தால் ஆளுக்கு ரூ.125 எனக் கணக்கிட்டார் மிகச் சிலரே. ஏழாண்டு கழித்துப் பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடிக்கிடந்த 2020 மே 29ஆம் நாள் பொன்மகள் வந்தாள் நேரே அமேசான் பிரைமில் வெளிவந்தது. எதிர்ப்பு அப்போதும் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சூரரைப் போற்று அவ்வழியே வந்தது.

இணையத்திரை நிறுவனங்கள் நம் நாட்டில் இறங்கிய காலமும் விலையும் உடன்வைத்துக் காணத்தக்கவை. ஹாட்ஸ்டார் 2015 பிப்ரவரியிலும், நெட்பிளிக்ஸ் 2016 சனவரியிலும், பிரைம் வீடியோ 2016 டிசம்பரிலும், சன் நெக்ஸ்ட் 2017 சூனிலும் தொடங்கின. இவற்றுக்கு வாய்க்கால் வெட்டியது ஜியோ. 2016 செப்டம்பர் 5 முதல் அடுத்த ஆண்டு மார்ச்சு முடியும்வரை அந்நிறுவனம் இணையத்தை விலையின்றி வழங்கிற்று. பிரைம் அறிமுக விலை ஆண்டுக்கு ரூ.499, பின்னர் ரூ.999, 2021 டிசம்பரில் ரூ.1,499. அதே மாதம் நெட்பிளிக்ஸ் மட்டும் எதிர்த்திசையில் நடந்து, ரூ.499 ஆக இருந்த அடிப்படைத் திட்டத்தை ரூ.199 ஆகவும், கைப்பேசித் திட்டத்தை ரூ.149 ஆகவும் குறைத்தது. ஹாட்ஸ்டார் 2019இல் ஆண்டுக்கு ரூ.365, அதாவது நாளுக்கொரு ரூபாய் என்று ஒரு திட்டம் தந்தது; மறு ஆண்டு அது ரூ.399 ஆயிற்று. 2023இல் ஐ.பி.எல். ஆட்டங்களை ஜியோசினிமா இலவசமாய்க் காட்டிற்று. 2025 பிப்ரவரி 14இல் இரண்டும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றானபோது இலவசம் சுருங்கியது. அன்றைய விலை கைப்பேசிக்கு ஆண்டுக்கு ரூ.499, தொலைக்காட்சியிலும் காணத்தக்க திட்டத்திற்கு ரூ.899.

இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. வீட்டார் கொடுக்கும் விலை தாழ்ந்திருந்த காலமெல்லாம் எஞ்சிய செலவை வேறொருவர் தாங்கினார். தூர்தர்ஷன் நாளில் கருவூலம். தொடக்கக் கேபிள் நாளில், கணக்கில் மறைந்த இணைப்புகளால் இழப்புற்ற அலைவரிசையார். 2011இல் மாநில அரசும், ஐம்பது ரூபாயில் அமைந்த தெருத் தொழிலாளரும். 2016 முதல், சந்தையைப் பிடிக்க முதலிட்ட பெருநிறுவனங்கள். தாங்கியவர் தோள் மாற்றியபோது விலை ஏறிற்று. ஆகவே கேபிள் மலிவா, இணையத்திரை மலிவா என்னும் வினா, இன்று யார் எதனைத் தாங்குகின்றார், எதுவரை தாங்குவார் என்னும் வினாவாக மாற்றி வினவப்படல் வேண்டும்.

இதனால் வீட்டுக் கணக்கை நாம் தட்டிக்கழிப்பதாகக் கருதவேண்டா. கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் முதியோர் இருவர். மாலைத் தொடர்களும் செய்தியும் பழைய படமும் போதும். 2019 விலையில் முற்கூறிய ரூ.2,619.60இல் அவர் தேவை முடிகின்றது. அதே வீடு இணையத்திரைக்கு மாறுவதாயின் முதலில் இணைய இணைப்பு வேண்டும். ஜியோ 2020இல் அறிவித்த ரூ.399 திட்டத்தைக் கொள்வோம். வரியுடன் மாதம் ரூ.470.82, ஆண்டுக்கு ரூ.5,649.84. இதன்மேல் பிரைம் ரூ.1,499, ஜியோஹாட்ஸ்டார் 2025 விலையில் ரூ.899, நெட்பிளிக்ஸ் அடிப்படைத் திட்டம் ரூ.2,388, மூன்றும் சேர ரூ.4,786. மொத்தம் ரூ.10,435.84. இம்முதியோர்க்கு மாற்றம் நட்டமே. அதிலும் சன் டி.வி. தொடர்களுக்கு வேறொரு சந்தா வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கும் பெரியோர் அலுவலுக்கும் இணைய இணைப்பு முன்னரே உள்ள வீட்டில் கணக்கு மாறும். அங்கே இணைப்பின் விலையைக் காட்சியின் தலையிற் கட்டுதல் முறையன்று. அவ்வீட்டார்க்கு ஒரே தளம் போதுமாயின், 2025 விலையில் ரூ.899க்கு விஜய் தொடர்களும் ஆட்டங்களும் கிடைத்தன, கேபிள் வீணே. மூன்று தளங்களும் வேண்டுமாயின் கேபிளைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. விடுதியில் தங்கிக் கைப்பேசியில் மட்டும் காணும் மாணவர்க்கோ கேபிள் என்னும் பேச்சே எழாது, ரூ.499இல் ஓராண்டு கழியும்.

இக்கணக்கின் அடியில் நிற்பது அளவையின் வேறுபாடு. கேபிளுக்கு அளவை வீடு. இணையத்திரைக்கு அளவை ஆளும் அவர் கைத்திரையும். ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வடம் போதும். ஐந்து கைப்பேசிக்கு ஐந்து ரீசார்ஜ் வேண்டும். சந்தாவை உறவினர் தமக்குள் பகிர்ந்து கொள்ளும் வழக்கம் சிலகாலம் இவ்வேறுபாட்டை மறைத்தது. நெட்பிளிக்ஸ் 2023 சூலையில் நம் நாட்டிலும் அதனைத் தடுத்து, ஒரு கணக்கு ஒரு வீட்டார்க்கே என்றது. நிறுவனத்தின் கண்ணில் வீடு என்பது ஒரே இணைய இணைப்பின்கீழ் உள்ளவர். மதுரையில் தாயும் சென்னையில் மகளும் நம் கண்ணுக்கு ஒரு குடும்பம், அதன் கண்ணுக்கு இரண்டு. டெக் வாடகைக்குத் தெரு அளவை, கேபிளுக்கு வீடு அளவை, இன்று ஆள் அளவை எனக் கட்டணத்தின் அலகு படிப்படியே சுருங்கி வந்துள்ளது. ஒருங்கிருந்து காணும் வழக்கம் குறைந்ததற்கு இது காரணமா, அன்றி விளைவா எனத் துணிவதற்கு இக்கட்டுரை இடந்தராது. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன எனல் தகும்.

விளம்பரமின்றிக் காணலாம் என்பதற்காகவே இணையத்திரைக்கு மாறினோம் என்பாரும் உளர். கேபிளிற் காசும் கொடுத்து விளம்பரமும் கண்டோமே என்னும் அவர் குறை நியாயமானது. ஆனால் பிரைம் வீடியோ 2025 சூன் 17 முதல் இந்தியாவில் தன் காட்சிகளினிடையே விளம்பரம் நுழைத்தது. அது வேண்டாதார் ஆண்டுக்கு மேலும் ரூ.699 கொடுத்தல் வேண்டும் என்றது. முன்பு ரூ.1,499க்கு வாங்கியதைப் பழையபடி பெற ரூ.2,198 ஆகின்றது.

தாண்டி வருவது என்னும் பெயரைப் பற்றி முன்னர்க் கூறினோம். விஜய் டி.வி.யும் ஜியோஹாட்ஸ்டாரும் இன்று ஒரு கூட்டு நிறுவனத்தின் கீழுள்ளன. 2024 நவம்பரில் ரிலையன்சு, டிஸ்னி இணைப்பால் அது நிகழ்ந்தது. இணைய இணைப்புத் தரும் ஜியோ அதே குழுமத்தினது. ஹாத்வே, டென் என்னும் பெரிய கேபிள் நிறுவனங்களிலும் அக்குழுமமே பெரும்பங்கு கொண்டது. சன் குழுமத்திற்கு அலைவரிசையும், கேபிளும், டி.டி.எச்.சும், இணையத்திரையும் உண்டு. கேபிளை விட்டு ஓ.டி.டி.க்குச் சென்றவர் ஒரு கடையினின்று வெளியேறி அதே கடையின் மறுவாயிலில் நுழைந்தவர் ஆகின்றார். தாண்டப்பட்டவர் ஒருவர் உண்டெனில் அவர் நோட்டுடன் வந்த தெருக் கேபிள்காரரே. மாதக் காசின்றிக் கிடைக்கும் டி.டி. பிரீ டிஷ் இன்றும் உள்ளது. 2024 சனவரியில் பொதிகை என்னும் பெயர் நீங்கி டி.டி. தமிழ் ஆன அலைவரிசையும் அதில் வருகின்றது. செலவு ஒன்றே அளவையாயின் விடை அங்கேயே முடிந்திருக்கும். மக்கள் அதனோடு அமையவில்லை என்பதே அவர் தேடுவது மலிவு மட்டுமன்று என்பதற்குச் சான்று.

இனி, எஞ்சுவது யாது என்னும் வினா. கேபிளில் வந்த காட்சி வந்த பொழுதே மறைந்தது. இணையத்திரையில் அது நிற்பதுபோல் தோன்றுகின்றது. பத்தாண்டுக்கு முந்தைய படத்தையும் இன்று எடுத்துப் பார்க்கின்றோம். இக்காரணத்தால் ஆய்வு மாணவர்க்கு இணையத்திரை எவ்விலையாயினும் தகும் என நம் நண்பர் சிலர் வாதிடுவர். ஒருவகையில் அது மெய்யே. திரைத்தமிழை ஆராய்வார்க்கு உரையாடலை நிறுத்தி, மீட்டுக் கேட்டு, சொல்லைக் குறித்துக்கொள்ளும் வசதியைக் கேபிள் என்றும் தந்ததில்லை. ஆயினும் தளத்தார் அப்படத்தை உரிமக் காலம் வகுத்து வாங்குகின்றனர். காலம் முடிந்தால் முன்னறிவிப்பின்றி அது நீங்கும். இவ்வாண்டு ஆய்வேட்டின் அடிக்குறிப்பிற் காட்டிய காட்சியை மறு ஆண்டு தேர்வாளர் தேடிக் காணாதிருத்தல் கூடும். வாடகை வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிய படம் போன்றது அச்சான்று. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கு வந்து சேர்தல் வேண்டும்; 1956இல் செய்தித்தாள்களையும் அச்சட்டத்துள் சேர்த்தனர். தொலைக்காட்சித் தொடர்க்கும் இணையத்திரைத் தொடர்க்கும் அச்சட்டத்தில் இடமில்லை.